பூனையைச் சாக்கில் கட்டியவர்களுக்கு

இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி அந்த வீடியோவுக்குக் கீழே ஒருத்தர் "சரியான முடிவுங்க, கொலைகாரப் பூனை" என்று எழுதி, அதற்கு வரிசையாக இதயம் விழுந்திருப்பதைப் பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை.

எந்த வீடியோ என்று யாரும் கேட்க மாட்டீர்கள். நம்ம பக்கத்து குரூப் எல்லாவற்றிலும் சுற்றியதுதான். முதல் பாகத்தில் முயல்குட்டி மேல் பூனை படுத்திருக்கும், பின்னால் சோகப் பாட்டு, "இதுதான் உண்மையான நட்பு". அடுத்ததில் முயல் செத்துக் கிடக்கும். அதற்கடுத்ததில் பூனையைச் சாக்கில் கட்டி, வண்டியில் வைத்து, வாய்க்கால் கரையில் விட்டுவிட்டு வருவார்கள். மூன்றுக்கும் லைக் வந்தாயிற்று.

பூனை மேல் தப்பில்லை. வளர்ந்த பூனையையும் உள்ளங்கை அளவு முயலையும் ஒரே அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டுக் கல்யாணத்துக்குப் போனது யார்? பூனையா மொய் எழுதப் போனது?

முதல் பாகத்தை இன்னொரு தடவை பாருங்கள். முயலின் காது முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. உடம்பு குறுகி, கண் பிதுங்கி நிற்கிறது. நிம்மதியாக இருக்கிற முயல் அப்படிப் படுக்காது. பொத்தென்று பக்கவாட்டில் சாய்ந்து பின்னங்காலை நீட்டிவிடும். இது பயத்தில் உறைந்து போயிருக்கிறது. ஓட வழியில்லாத இரை செய்கிற கடைசிக் காரியம் அது. அதற்குத்தான் நீங்கள் நட்பு என்று பாட்டுப் போட்டீர்கள்.

என் வீட்டில் பூனை இரண்டு, முயல் ஒன்று. மூன்றும் வீட்டுக்குள்தான். ஸ்டோர் ரூமை முயலுக்கு ஒதுக்கி வலைக்கதவு போடச் சொன்னபோது ஆசாரி சிரித்தார். "ஏனுங்க அக்கா, மொசலுக்குப் போயி இத்தன கெட்டிக் கதவுங்களா? கோழிக்கூட்டுக் கம்பி அடிச்சாப் பத்தாதுங்களா?" பத்தாது. கோழிவலைக் கண்ணில் பூனையின் முன்னங்கால் தாராளமாக நுழையும். அரை அங்குலக் கண் வெல்டு மெஷ், கீழே முயல் கொறிக்காமல் இருக்கத் தகடு, வெளிப்பக்கம் தாழ்ப்பாள். தலையை ஆட்டிக்கொண்டேதான் செய்து கொடுத்தார். ஊரெல்லாம் சொல்லியும் சிரித்திருப்பார், சிரிக்கட்டும்.

அந்தக் கதவுக்கு வெளியே என் பூனை செவலை உட்காரும். தூங்குகிற மாதிரித்தான் இருக்கும், வால்நுனி மட்டும் ஆடும். உள்ளே முயல் ராசாத்தி ஒரு தாவு தாவினால் போதும், செவலையின் தலை தாழ்ந்து, பின்பக்கம் லேசாக அசையும். ராசாத்தி பின்னங்காலால் தரையில் தொம்மென்று ஓர் அடி அடிக்கும். என் கையிலிருந்து மீன் வாங்கித் தின்று என் கால்மாட்டில் தூங்குகிற அதே செவலைதான். கெட்ட பூனை அல்ல, பூனை. அவ்வளவுதான்.

"எங்க வீட்டுல ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குதுங்க, ஒண்ணும் ஆகலை" என்று ஒரு கூட்டம் வரும். வரட்டும். இருக்க முடியாது என்று நான் சொல்லவேயில்லை. நன்றாக வளர்ந்து மூன்று நாலு கிலோ இருக்கிற முயல், சின்னதிலிருந்தே முயலைப் பார்த்து வளர்ந்த பூனை என்றால் ஒன்றுக்கொன்று பழகும். சில வீடுகளில் முயல்தான் பூனையைத் துரத்துகிறது. என் வீட்டிலும் நான் தரையில் உட்கார்ந்திருக்கும்போது, பூனைகளுக்கு நகம் வெட்டிவிட்டு, கதவைத் திறந்து விடுவதுண்டு. முயல் ஓடி ஒளிய இரண்டு பக்கமும் திறந்த அட்டைப்பெட்டி ஒன்று கிடக்கும். ஆனால் நான் எழுந்தால் கதவு மூடும். ஃபோன் வந்தால்கூட மூடும். அந்த வீட்டில் மூடவில்லை. அப்புறம் பூனையைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்?

"ஒரு கீறல்கூட இல்லைங்க, அது எப்படிச் சாகும்?" முயலின் அடர்ந்த முடிக்குள் பூனைப் பல் பட்ட புள்ளி வெளியே தெரியாது. பூனை வாயில் சாதாரணமாகவே பாஸ்டுரெல்லா என்ற கிருமி இருக்கும். அது உள்ளே போனால் சீழ் பிடித்து முயலைக் கொண்டுபோய்விடும். பல் படவே வேண்டாம், பயமே போதும். பயந்த முயல் தின்பதை நிறுத்தும். அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய குடல். பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் தின்னாமல் புழுக்கையும் போடாமல் கிடந்தால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நிலைமை. கல்யாண வீட்டில் அதையா நினைத்துக்கொண்டிருந்திருப்பீர்கள்?

இன்னொன்றும் இருக்கிறது, இதை எவரும் சொல்வதில்லை. பூனைக்கு உண்ணிக்காகப் பிடரியில் விடுகிற சொட்டு மருந்து பலவற்றில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். அது முயலுக்கு விஷம், வலிப்பு வந்து செத்துப்போகலாம். மருந்து விட்ட பூனையை முயல் நக்கினாலும் வயிற்றுக்குள் போகும். ராசாத்திக்குச் செள் பிடித்திருந்தபோது ஒரு கடையில் அதே குப்பியை எடுத்து, "பூனைக்குப் போடறதுதான், பாதி விடுங்க" என்று நீட்டினார்கள். வாங்காமல் வந்து நான் கேட்ட டாக்டர் ஃபோனிலேயே கத்தினார். முயலுக்கு விடக் கூடாது என்று அட்டையிலேயே போட்டிருக்கிறதாம். விற்கிறவர் படிக்கவில்லை.

கூண்டை வெளியே கட்டுத்தரைப் பக்கம் வைத்தால் என்ன என்பவர்களுக்கு: கீரி, நாய், பாம்பு, சித்திரை வெயில். நாங்கள் இருப்பது காங்கயம் பக்கம். முயலுக்கு வியர்க்காது, சூட்டைக் காது வழியாகத்தான் இறக்கும். முப்பது டிகிரி தாண்டினாலே அதற்குத் திணறல். போதுமா?

"வேற வேலை இல்லையா" என்பவர்களுக்குப் பதில் இல்லை. இருக்கிறது, சம்பளமும் வருகிறது.

எனக்கு ஆத்திரம் எதற்கென்றால், விலங்கு தெரியாத ஊர் இல்லை நம்முடையது. அந்தியூர் குருநாதசாமி சந்தைக்குப் போனால் ஒரு மாட்டுக்குச் சுழி பார்த்து, பல் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசி வாங்குகிற ஆட்கள் நாம். காங்கயம் காளைக்கு என்ன தீனி எந்த மாதத்தில் என்று எங்கள் அப்பாருக்கு மனப்பாடம். கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல் எப்போது முற்றும் என்று பார்க்காமலே சொல்வார். அந்தக் காய்ந்த புல்லைத்தான் ராசாத்தி இன்றைக்கு நாள் முழுக்க மெல்லுகிறது. முயலுக்கு முக்கியத் தீனி புல்தான், வீடியோவில் ஊட்டுகிற கேரட் அல்ல. இவ்வளவு தெரிந்த ஆட்கள், முயல் என்று வந்தால் செருப்புப் பெட்டியில் வாங்கி வந்து பூனை முன்னால் வைத்து வீடியோ எடுக்கிறோம். விலை முந்நூறு ரூபாய் என்றால் உயிரும் முந்நூறு ரூபாய்.

2012 ஞாபகம் இருக்கிறதா? பெருந்துறைப் பக்கம் ஈமு பறவை வளர்க்கிற கம்பெனிகளில் காசு கட்டாத வீடு இல்லை என்கிற மாதிரி இருந்தது. கம்பெனிகள் விழுந்ததும் காசு போச்சே என்று எல்லோரும் அழுதோம். தீவனமில்லாமல் கிடந்த பறவைகளுக்கு அரசாங்கம் வந்து தீனி போட வேண்டியிருந்தது. அப்போதும் தப்பு ஈமு மேல்தான் என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

பூனையை விடாமல் வேறு என்ன செய்வது என்றும் ஒரு அக்கா கேட்டிருந்தார்கள். தாழ்ப்பாள் போடலாம், அக்கா. கடையில் கிடைக்கும். வளர்த்த பிராணியைப் பசி தாகத்தில் தவிக்க விட்டுவிட்டுப் போவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பயப்படாதீர்கள், முதல் தடவை என்றால் அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரைக்கும்தான். கல்யாண மொய்யைவிடக் கம்மி.

என்னைப் பற்றி எழுதியதையும் படித்தேன். "பிள்ளை இல்லாத வீட்டுல இதெல்லாம் நடக்கும்" என்று. எழுதியவர் ஒறம்பரைதான், சொந்தக்காரர், பெயரைப் போடவில்லை. போன நோம்பிக்கு என் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே "ஏங்கண்ணு, மொசலு நல்லாத்தான் வளத்தியிருக்கற" என்று சொன்ன வாய்தான் அதுவும். பூனைக்கும் முயலுக்கும் நடுவில் ஒரு கதவு வேண்டும் என்று சொன்னால் என் வயிற்றைப் பற்றிப் பேச வேண்டுமா? பேசுங்கள். ஆனால் அந்தப் பூனை மேல் தப்பில்லை. இன்னும் பத்துப் பேர் வந்து பேசினாலும் அதைத்தான் சொல்வேன்.

இந்தப் பதிவுக்குக் கீழே சந்தேகம் கேட்டால் தெரிந்ததைச் சொல்கிறேன். வறுவல் ஜோக் போட்டால் ப்ளாக். போன தடவை மிளகு எத்தனை, சின்ன வெங்காயம் எத்தனை என்று அளவோடு எழுதிய சித்தி மகனுக்கு மட்டும் தனியாக ஒன்று: ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சித்திக்கே அனுப்பிவிட்டேன்.