கிரில்லில் படியும் கருப்பு, ருசி அல்ல

"உணவை வாட்டும் கிரில் அடுப்பைச் சுத்தம் செய்யாதீர்கள்; கம்பியில் படிந்த கருப்புதான் ருசி தருகிறது, கிருமியை நெருப்பே கொன்றுவிடும்" என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. இது தவறு, ஆபத்தும் கூட.

வார்ப்பிரும்புக் கம்பியில் இருக்க வேண்டியது, சூட்டில் இறுகிய மெல்லிய எண்ணெய்ப் படலம். அது துருவைத் தடுக்கும், வழவழப்பாக இருக்கும். செதில் செதிலாக உதிர்வது எரிந்த கொழுப்பும் கரியும்தான்; கசப்பைத் தவிர எதையும் தராது. மூடியின் உட்புறம் உரிவதும் பெரும்பாலும் பெயின்ட் அல்ல, இதே கரிதான்.

சூடு கிருமியைக் கொல்லும், சரி. ஆனால் அடித்தட்டில் தேங்கிய கொழுப்பை அகற்றாது. அடுத்த முறை அதுவே தீப்பிடிக்கும். அப்போது தண்ணீர் ஊற்றவே கூடாது, எரியும் கொழுப்பு தெறித்துப் பரவும். கிட்டே போக முடிந்தால் கேஸை அணைத்து மூடியை மூடுங்கள்.

சமைத்து முடித்ததும், கம்பி சூடாக இருக்கும்போதே சுரண்டிவிட்டால் வேலை சுலபம். கம்பி பிரஷ் வேண்டாம் என்பேன். அதன் இழை உடைந்து உணவில் ஒட்டி உள்ளே போய்க் காயமடைந்த 6 பேரைப் பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012இல் அறிக்கை வெளியிட்டது. சிலருக்குக் குடலே துளைபட்டது. மரச் சுரண்டி போதும். அப்புறம் ஈரத்துணியால் துடைத்து, லேசாக எண்ணெய் தடவுங்கள்.

கரி அடுப்பென்றால் சாம்பலை முழுதும் ஆறிய பின் அள்ளிவிடுங்கள். ஈரம் பட்ட சாம்பல் உலோகத்தை அரிக்கும்.