பாளையங்கோட்டை காலேஜ் என்றாலே பணக்காரப் பிள்ளைகளுக்கா?

“பாளையங்கோட்டையில் பேர்போன காலேஜ் எல்லாமே பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான், லட்சக்கணக்கில் டொனேஷன் இல்லாமல் சீட் கிடையாது” என்று அட்மிஷன் நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தப்பு.

1923-இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரி, அப்புறம் சாராள் தக்கர், சதக்கத்துல்லாஹ் அப்பா எல்லாவற்றிலும் அரசு உதவிபெறும் பிரிவு இருக்கிறது. அங்கே ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுப்பதால் கட்டணம் குறைவு. அதே வளாகத்தில் சுயநிதிப் பிரிவும் உண்டு, அங்கே கூடுதலாகத்தான் கட்ட வேண்டும், அந்த ரசீதைப் போட்டோ எடுத்துப் போட்டு மொத்தக் காலேஜும் இப்படித்தான் என்று கிளப்பிவிடுகிறார்கள். விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு என்று பார்த்து டிக் பண்ணுங்கள், பாதிக் குழப்பம் அங்கேதான்.

சீட்டுக்காகக் கட்டாய நன்கொடை வாங்குவது 1992-ஆம் வருஷத் தமிழ்நாட்டுச் சட்டப்படியே குற்றம். யாராவது கேட்டால் ரசீது கேளுங்கள்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வேறு வரும். காலையில் அம்பாசமுத்திரம் பஸ்ஸில் படிக்கட்டு வரை தொங்கிக்கொண்டு, டிபன் பாக்ஸை உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுத்துவிட்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்தால் பணக்காரர்கள் மாதிரியா இருக்கிறது?