மூலக்கூறு மோதல் கூடுவதால் மட்டும் வினையின் வேகம் இரட்டிப்பாகாது

"வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் மோதல் இரண்டு மடங்காகும், அதனால் எந்த வினையும் இரண்டு மடங்கு வேகமாக நடக்கும், சிமுலேஷனிலேயே பார்த்தேன்" என்று மேலே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, இது தவறு. பாலக்கோடு பக்கம் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதிவினை வேகவியல் நடத்துகிறேன், வருஷாவருஷம் பிள்ளைகள் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

300 கெல்வினிலிருந்து 310-க்குப் போனால் வாயு மூலக்கூறுகளின் சராசரி வேகம் 2 சதவீதம்கூட ஏறாது, மோதலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் கூடும். அப்புறம் வினையின் வேகம் எப்படி இரட்டிக்கிறது? கிளர்வு ஆற்றலை, அதாவது வினை நடக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலைத் தாண்டும் அளவுக்கு பலமாக மோதுகிற மூலக்கூறுகளின் பங்கு சட்டென்று ஏறுவதால்தான். வெப்பநிலையோடு வினையின் வேகம் எப்படி மாறும் என்று சொல்லும் அர்ஹீனியஸ் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்: கிளர்வு ஆற்றல் மோலுக்கு சுமார் 54 கிலோஜூல் இருந்தால்தான் இரண்டு மடங்கு வரும், அதுவே 100 கிலோஜூல் என்றால் ஏறக்குறைய மூன்றரை மடங்கு.

கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) சிமுலேஷனைத்தான் பார்த்தீர்கள் என்றால், அதில் ஒற்றை மோதல் பகுதியைத் திறந்து, ஆற்றல் வரைபடத்தில் கிளர்வு ஆற்றலைக் காட்டும் மேட்டுக்குக் கீழே மொத்த ஆற்றலின் கோடு இருக்கும்போது எத்தனை முறை மோதவிட்டாலும் அணுக்கள் இடம் மாறாமல் திரும்பி வருவதை நிதானமாகப் பாருங்கள். திரையில் தெரியும் பத்து இருபது உருண்டைகளை எண்ணி விதி எழுதாதீர்கள், அவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் விடை மாறும்.

சரி, கையால் செய்து பார்க்க வேண்டுமா? சோடியம் தயோசல்ஃபேட்டில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றி, கரைசல் கலங்கி, அடியில் வைத்த காகிதத்தில் போட்ட பெருக்கல் குறி மறையும் நேரத்தை வெவ்வேறு வெப்பநிலையில் குறியுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், கந்தக டைஆக்சைடு வரும்.