டிக்கெட் எடுத்தவர் எப்போது அத்துமீறியவர் ஆனார்?

கடைசி நேரத்தில் பிளாட்ஃபாரம் மாறியதால் தண்டவாளத்தில் இறங்கிக் கடந்த ஒரு பயணி ரயிலில் அடிபட்ட வீடியோ ஒன்று வந்தது. அதற்குக் கீழே வந்த கமென்ட்டுகளை நேற்று இரவு உட்கார்ந்து படித்துத் தொலைத்தேன். "படி ஏறச் சோம்பேறித்தனம், அனுபவிக்கட்டும்." இதையே ஆளுக்கொரு எழுத்துப்பிழையோடு எழுதி வைத்திருக்கிறார்கள். அடிபட்டவர் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார் ஐயா.

அவர் டிக்கெட் எடுத்த பயணி. வண்டி வேறு பிளாட்ஃபாரத்துக்கு வருகிறது என்று கடைசி நேரத்தில் மைக்கில் சொன்னது அவரில்லை.

சட்டம் இன்னும் அழகு. வண்டியிலிருந்து பயணி தவறி விழுந்தால், யார் மேல் தப்பு என்றே கேட்காமல் இழப்பீடு தரச் சொல்கிறது 1989 ரயில்வே சட்டத்தின் 124ஏ பிரிவு. உயிர் போனால் 8 லட்சம். ஏறும்போதோ இறங்கும்போதோ கவனக்குறைவாக இருந்தார் என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 2018இல் சொல்லிவிட்டது. நல்லது. அதே ஆள், அதே டிக்கெட்டோடு, அதே வண்டியைப் பிடிக்கத் தண்டவாளத்தில் இறங்கி அடிபட்டால்? 147ஆவது பிரிவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அத்துமீறி நுழைந்தவராம், இழப்பீடு கிடையாதாம். டிக்கெட் எடுத்த பயணி, ஐயா!

என் அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. ஒரு ஸ்டேஷனில் இப்படித்தான் கடைசி நேரத்தில் பிளாட்ஃபாரத்தை மாற்றினார்கள். லிஃப்டில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. அந்த அட்டையே பழுப்பேறிக் கிடந்தது. மேம்பாலம் அந்தக் கோடியில். அம்மா தண்டவாளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சட்டத்தை மதிக்கும் பிரஜை ஆயிற்றே, கைத்தாங்கலாகப் படியேற்றினேன். பாதிப் பாலத்தில் நிற்கும்போது வண்டி கிளம்பிவிட்டது. டிக்கெட் காசும் போச்சு.

"லோகோ பைலட் பாவமில்லையா?" பாவம்தான். பிரேக் போட்டாலும் வண்டி நிற்கப் பல நூறு மீட்டர் ஆகும், அவர் என்ன செய்வார்? அவரை யார் குறை சொன்னது? "ஹெட்போன் மாட்டிக்கொண்டு கடக்கிறார்களே?" கடக்கிறார்கள். அதற்கு அடிபட்டுக் கிடக்கும் இவர் என்ன செய்வார்?

அணு விஞ்ஞானி அனில் ககோட்கர் தலைமையிலான ரயில்வே பாதுகாப்புக் குழு, தண்டவாளத்தில் இறங்கி ஆண்டுக்குச் சுமார் 15,000 பேர் சாகிறார்கள் என்று 2012லேயே அறிக்கை கொடுத்தது. அத்தனை பேரும் சோம்பேறிகளா? அத்தனை பேருக்கும் பாலம் பக்கத்திலேயே இருந்ததா?

இழப்பீடு கொடுத்தால் எல்லாரும் வேண்டுமென்றே குதிப்பார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். வேறு யாருமில்லை, என் நண்பர்தான். எங்கள் வீட்டில் சாப்பிட்டவர், அம்மா நடக்கிற நடையைப் பார்த்தவர். காலைக் கொடுத்துக் காசு வாங்க யாராவது வரிசையில் நிற்பார்களா? அவரை அன்ஃபிரெண்ட் செய்துவிட்டேன். கருத்துச் சுதந்திரம் போச்சு என்று இன்று ஒரு பதிவு போடுவார். போடட்டும்.