220 கழித்தல் வயது என்பது எல்லைக்கோடு இல்லை

உடற்பயிற்சியின்போது, 220-இலிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணைத் தாண்டி நிமிடத்துக்கு இதயம் துடித்தால் ஆபத்து என்று ஒருவர் எழுதியிருக்கிறார், பலரும் பகிர்கிறார்கள். அக்கறையோடு சொன்னதுதான், ஆனால் அந்த எண் ஆபத்தின் எல்லை இல்லைங்க. ஒரே வயதுக்காரர்களின் உச்சத் துடிப்புக்கான தோராயமான சராசரி, அவ்வளவுதான். ஆளுக்கு ஆள் 10, 12 துடிப்பு கூடவோ குறையவோ இருப்பது சகஜம்.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 2001-இல் தனாகா என்ற ஆய்வாளரின் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துத் தந்த சூத்திரம், 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது. 40 வயதுக்கு இரண்டிலும் 180 வரும், சரி. 60 வயதுக்குப் பழையதில் 160, இதில் 166. 20 வயதுக்கு 200, 194. எல்லைக்கோடு என்றால் இப்படி மாறுமா? அவர்களுடைய ஆய்வுக் கட்டுரையின் சுருக்கம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, தேடிப் படியுங்கள்.

கையில் கட்டிய வாட்ச் 165 காட்டியதும் பயந்துபோய் நடையையே விட்டுவிடும் அறுபது வயதுக்காரர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். அப்புறம், நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் எண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.