கல்விக் கடனில் ஒரு தாயின் கைநாட்டு

குடியாத்தத்தில் ஒரு வங்கிக் கிளையில் கல்விக் கடன் மேசையில் சில ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். பொறியியல் கலந்தாய்வு முடிந்து கல்லூரிகள் திறக்கும் மாதங்களில் அந்த மேசைக்கு முன்னால் நிற்கும் வரிசையில் நெசவாளர்களும், ஆம்பூர், பேரணாம்பட்டுத் தோல் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்களும், பீடி சுற்றும் பெண்களுமே பெரும்பாலும் இருப்பார்கள். அவர்களில் ஒருவர், மகனுக்குப் பொறியியல் இடம் கிடைத்து 4 லட்சம் ரூபாய்க் கடன் ஒப்புதலான நாளில், மைப்பெட்டியை நான் நகர்த்தி வைத்தபோது கேட்டார்: "படிக்கிறது அவன்தானே சார், என்னாண்ட ஏன் கைநாட்டு கேக்கிறீங்க?"

4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை என்றும், அதற்குப் பதிலாகப் பெற்றோர் கடனுக்குத் தாமும் பொறுப்பேற்கும் கூட்டுக் கடன்தாரராகச் சேர வேண்டும் என்றும் விதியைச் சொன்னேன். அவர் கட்டை விரலை ஊன்றிவிட்டுப் போய்விட்டார். விதிப்படி என் பதில் சரியானதுதான். ஆனால் கல்லூரிச் செலவை யார் ஏற்க வேண்டும் என்று இன்று நடக்கும் எல்லா விவாதங்களையும்விட அந்தக் கேள்வியே விஷயத்தின் மையத்தைத் தொட்டதாக இப்போது எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கடனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 1 லட்சமாக நான்கு ஆண்டுகளில் 4 லட்சம் வழங்கப்படுகிறது. படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். 10 விழுக்காடு தனி வட்டி என்று வைத்துக்கொண்டால், முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு, கடைசி லட்சத்துக்கு இரண்டு ஆண்டு என்ற கணக்கில் 1 லட்சத்து 40 ஆயிரம் சேர்ந்து, தவணை தொடங்கும் நாளில் கடன் 5 லட்சத்து 40 ஆயிரமாக நிற்கும். அதைப் பத்தாண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ 7,100 ரூபாய் வேண்டும். பதினைந்தாயிரம் சம்பளத்தில் ஸ்ரீபெரும்புதூரிலோ ஓசூரிலோ அறை எடுத்துத் தங்கும் பிள்ளைக்கு இது எவ்வளவு என்று விளக்க வேண்டியதில்லை. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் தவணை தொடங்கும் வரையிலான வட்டியை ஒன்றிய அரசே ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. ஆனால் அது எல்லாப் படிப்புக்கும் எல்லாக் கல்லூரிக்கும் பொருந்தாது, உரிய காலத்தில் வருமானச் சான்று கொடுக்கத் தெரிந்தவர்களும் குறைவு. மூன்று தவணை தவறினால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண்ணில், பிள்ளையின் மதிப்பெண்ணோடு தாயின் மதிப்பெண்ணும் விழுகிறது. அதன்பின் அந்தத் தாய் கறவை மாடு வாங்கக் கடன் கேட்டு எந்த வங்கிப் படியேறினாலும், பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டில் அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அரசுக் கலைக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ல் மருத்துவத்திலும் 2021-ல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளிலும் வந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் கட்டணத்தை அரசே கட்டுகிறது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் வந்தன. ஆயிரம் ரூபாயில் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் கல்லூரிக்குப் பேருந்தில் போய்வந்து, மதியச் சாப்பாட்டையும் நகல் எடுக்கும் செலவையும் சமாளித்த அனுபவம் இல்லாதவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனாலும் ஓர் இடறல் இருக்கிறது. கலந்தாய்வு வழியாகச் சேரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. வீட்டில் ஒருவர் அதைப் பெற்றுவிட்டால் அடுத்த பிள்ளைக்குக் கிடையாது. அக்காள் பி.இ. படிக்கப் போன அதே வீட்டில், அதே தறியில், அதே கூலியில், தம்பி மட்டும் எப்படித் திடீரென்று வசதி படைத்தவன் ஆகிறான்? சலுகையை 'முதல்' என்ற சொல்லோடு கட்டாமல் வருமானத்தோடு கட்டியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அந்தக் கலந்தாய்வுக்குள் வருவதே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

யார் கொடுப்பது என்ற கேள்விக்கு எங்கள் பழைய வட ஆர்க்காடு மாவட்டம் ஏற்கெனவே இரண்டு விடைகளைச் சொல்லியிருக்கிறது. ஒன்று, தோல் வணிகர்களின் விடை. வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி 1919-ல் தொடங்கியது, மேல்விஷாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965-ல் தொடங்கியது. இந்த ஊர்களில் தோல் வணிகத்தில் சேர்ந்த செல்வத்தில் ஒரு பங்கு கல்விக்குத் திரும்பியது. நல்ல விடைதான், ஆனால் கொடுப்பவரின் மனத்தை நம்பி நிற்பது. உதவித்தொகைக் காசோலையை மேடையேறி வாங்கிப் படத்துக்கு நிற்கும் பிள்ளைகள் தலையைச் சற்றுத் தாழ்த்தியே நிற்பதைப் பார்த்தவன் நான். கொடையைக் குறை சொல்லவில்லை. உரிமையாகக் கிடைக்க வேண்டியது கொடையாகக் கிடைக்கும்போது வாங்குபவரின் முதுகு வளைகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

இரண்டாவது விடை இன்னும் நுட்பமானது. அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1918-ல் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து வளர்ந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.), எம்.பி.பி.எஸ். மாணவரிடம் கல்விக் கட்டணமாக வாங்குவது மற்றத் தனியார் கல்லூரிகளின் கட்டணத்தோடு ஒப்பிடவே முடியாத சிறு தொகை. மருத்துவமனையின் வருமானம் படிப்பின் செலவைத் தாங்குகிறது. படித்து முடித்தவர் குறிப்பிட்ட காலம் தேவையுள்ள மருத்துவமனைகளில் பணியாற்றிக் கணக்கை நேர் செய்கிறார். இங்கே முன்பணம் இல்லை, தாயின் கட்டை விரலும் இல்லை. படித்தவரே, படித்ததைக் கொண்டே, படித்த பிறகு திருப்பிக் கொடுக்கிறார்.

பி.காம். படித்தவரை எந்த மருத்துவமனைக்கு அனுப்புவது என்று கேட்பீர்கள். அவருக்குச் சேவை ஒப்பந்தம் பொருந்தாது. வருமான வரி பொருந்தும். ஆஸ்திரேலியாவில் 1989 முதல் நடைமுறையில் உள்ள முறையில் மாணவரின் கட்டணப் பங்கை அரசே முதலில் செலுத்துகிறது. பின்னாளில் வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால் மட்டுமே அது வரியோடு சேர்த்து வசூலிக்கப்படுகிறது, தாண்டாத ஆண்டில் எதுவும் கட்ட வேண்டியதில்லை. பான் எண் இல்லாமல் வங்கிக் கணக்கைக்கூட எளிதில் நடத்த முடியாத நம் நாட்டில் இதைச் செய்ய முடியாது என்பதை நான் ஏற்கவில்லை. நம் பிள்ளைகளில் பலர் அந்த வரம்பைத் தொடவே மாட்டார்கள், பணம் திரும்பாது என்பது நியாயமான மறுப்பு. திரும்பாவிட்டால் பொதுப் பணம் தாங்கட்டும். பேரணாம்பட்டில் குறைந்த சம்பளத்துக்குச் செவிலியராக நிற்கும் பெண்ணால் பயனடைவது அவள் தாய் மட்டுமா?

பொதுப் பணத்துக்கு எங்கே போவது என்பாரும் உண்டு. வரியின்மீது ஒன்றிய அரசு போடும் கூடுதல் வரியாக 2004-ல் 2 விழுக்காட்டில் தொடங்கிய கல்வி மேல்வரி, இன்று சுகாதாரத்தையும் சேர்த்து வருமான வரியின்மீது 4 விழுக்காடாக வசூலாகிறது. மேல்வரி என்பதால் மாநிலங்களோடு பகிரும் தொகுப்பில் அது சேர்வதில்லை. ஆக, சம்பளம் வாங்கி வருமான வரி கட்டுகிறவர்கள் கல்விக்கென்று ஏற்கெனவே பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் பட்டதாரியின் கட்டணச் சுமையோ மாநிலக் கருவூலத்தில் விழுகிறது.

இந்தப் பெரிய மாற்றங்கள் வர எத்தனை ஆண்டு ஆகுமோ தெரியாது. அதற்கு முன் செய்யக்கூடிய சிறிய மாற்றம் ஒன்றைக் கேட்கிறேன். 7.5 லட்சம் வரையிலான பிணையற்ற கல்விக் கடன் வாராமல் போனால் அந்தத் தொகையில் 75 விழுக்காட்டை ஏற்க ஒன்றிய அரசின் கடன் உத்தரவாத நிதியம் 2015 முதல் இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு இருக்கும்போது, மீதிக் கால் பங்குக்காக ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண்ணைக் கூட்டுக் கடன்தாரர் ஆக்குவதில் வங்கிக்கு என்ன பாதுகாப்பு கூடிவிடுகிறது? இந்த வரம்புக்குள் வரும் கடன்களுக்காவது விண்ணப்பப் படிவத்தில் பெற்றோர் கைநாட்டு வைக்கும் அந்த ஒரு கட்டத்தை நீக்கிவிடலாம்.