சோகத்துக்கும் நிற எண் உண்டு

‘தி புக் ஆஃப் லவ்’ பாட்டை ஆங்கிலப் பாடகர் பீட்டர் கேப்ரியல் குரலில் மட்டும் கேட்டவர்கள், அதை ஒரு உருக்கமான கல்யாணப் பாட்டு என்று நினைத்திருப்பார்கள். அது முதலில் இருந்தது தி மேக்னெட்டிக் ஃபீல்ட்ஸ் என்ற அமெரிக்க இசைக்குழுவின் ‘69 லவ் சாங்ஸ்’ ஆல்பத்தில். 1999-இல் வந்தது. மூன்று சிடி, ஒவ்வொன்றிலும் 23 பாட்டு. எல்லாம் குழுவின் தலைவர் ஸ்டீஃபின் மெரிட் எழுதியவை. முதலில் 100 பாட்டு என்று திட்டம் போட்டவர், பிறகு 69-க்கு இறங்கி வந்தார். நல்லவேளை.

காதல் புத்தகம் நீளம், அறுவை, யாராலும் தூக்க முடியாத கனம், உள்ளே அட்டவணையும் புள்ளிவிவரமும்தான் என்கிறது பாட்டு. மெரிட் இதைக் கட்டைக் குரலில், எதையும் காட்டிக்கொள்ளாமல் சொல்லிக்கொண்டே போகிறார். அதனால்தான் அடுத்து வரும் ‘ஆனாலும் நீ வாசித்துக் காட்டினால் பிடிக்கும்’ நெஞ்சில் தைக்கிறது. கேப்ரியல் வடிவத்திலோ வயலின்கள் முன்னாலேயே உருகிவிடுகின்றன. நையாண்டி காணாமல் போய், மிச்சம் இருப்பது வெறும் இனிப்பு.

தன்னையே மட்டம் தட்டிக்கொள்ளும் காதல் பாட்டு எளிதில் சொதப்பும். ‘நான் உனக்குத் தகுதியில்லை’ என்று பாடினால் அது கெஞ்சல். ‘அப்படியெல்லாம் இல்லை’ என்று கேட்பவர் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். ‘தி லக்கியஸ்ட் கை ஆன் தி லோயர் ஈஸ்ட் சைட்’ பாட்டின் நாயகன் அதைச் செய்வதில்லை. மழையில் சைக்கிள் மிதித்து மிட்டாய் கொண்டுவருபவன், நட்சத்திரத்துக்கு அவள் பெயரை வைப்பவன் என்று போட்டியாளர்களை அவனே வரிசைப்படுத்துகிறான். தன் கார் அசிங்கம், தானும் அசிங்கம் என்று ஒத்துக்கொள்கிறான். ஆனால் கார் இருப்பது அவனிடம் மட்டும்தான், அவளுக்கு ஊர்சுற்ற வேண்டும். தாழ்வு, லாபம் இரண்டும் ஒரே காரில் இருப்பதால் பரிதாபப்பட நமக்கு நேரமே கிடைப்பதில்லை.

இன்னொரு தந்திரம், குரல்களை மாற்றியது. மெரிட் தவிர நான்கு பேருக்கு ஆளுக்கு ஆறு பாட்டு. ஒரே ஆள் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் புலம்பினால் யார் தாங்குவது? தவிர, இது ஒருவரின் டைரி அல்ல என்பதும் புரிந்துவிடுகிறது. இது காதலைப் பற்றியதல்ல, காதல் பாட்டுகளைப் பற்றியது என்று மெரிட்டே சொல்லியிருக்கிறார்.

எல்லாமே தேறாது. ‘லவ் இஸ் லைக் ஜாஸ்’, ‘எக்ஸ்பெரிமென்டல் மியூசிக் லவ்’ இரண்டிலும் நகைச்சுவை தலைப்போடு முடிந்துவிடுகிறது. தாராளமாகத் தாண்டலாம்.

ஷஃபிளில் மட்டும் கேட்காதீர்கள். குட்டிப் பாட்டுகள் அக்கம்பக்கத்துப் பாட்டை நம்பித்தான் நிற்கின்றன. முதல் சிடியின் முதல் 12 பாட்டை வரிசையாக, வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஐந்தாவது ‘ரீனோ டகோட்டா’, ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம்தான் கூட. ஆங்கிலத்தில் ‘ப்ளூ’ என்றால் நீலம், சோகம் இரண்டும்தான். காதலன் காணாமல் போன சோகத்தில் தான் எவ்வளவு நீலமாகிவிட்டேன் என்பதை, அச்சகங்கள் நிறத்தைக் குறிக்கும் எண்ணோடு சொல்கிறாள் பாடுபவள்: பேன்டோன் 292. கருநீலம்கூட இல்லை, வெளிர்நீலம்.